குடைக்காரியம்மனுக்கு ஒரு கிடா

கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வரும் மாணவனிடம் யாரும் சாதி கேட்க மாட்டார்கள். அது நாகரிகமில்லை. குலதெய்வம் எது என்று கேட்பார்கள்.

எண்பத்தேழாம் வருஷம் வீட்டுக்காரர் கந்தசாமியும் அப்படித்தான் கேட்டார். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த இரண்டு பேர் அவர் வீட்டு மாடி அறைக்காக வாசலில் நின்றார்கள். களமருதூர் இளஞ்செழியன் அவருடைய சாதிக்காரன். ஊர்ப்பெயரைச் சொன்னதுமே தேறிவிட்டான். வேடியப்பன் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவன். அவன் ஊர்ப் பக்கம் போகும் ஒரே பஸ் வகுப்பு முடியும் முன்பே புறப்பட்டுவிடும். அறை இல்லையென்றால் படிப்பு இல்லை. ஏற்கெனவே நான்கு வீடுகளில் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இவன் எங்க அத்த பையங்க" என்றான் இளஞ்செழியன். சுவரில் ஒரு குடை தொங்கியது. "குலசாமி, குடைக்காரியம்மங்க. மலமேல கீது."

"கேட்டது நடக்குமா?"

"நடக்கும்ங்க. போயி வர்றதுதான் கஷ்டம்."

அறை கிடைத்தது.

செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. பஸ் இல்லை, லாரி இல்லை. ஊர் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் மலை தினமும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்தது. அதை மட்டும் யாரும் மறிக்கவில்லை. நாலாம் நாள், கையை நீட்டினால் சாமைக் கதிர் விரலில் படும் என்று வேடியப்பனுக்குத் தோன்றியது. நீட்டியும் பார்த்தான்.

அன்றைக்குத்தான் மறியலில் இருந்த கந்தசாமியின் மகன் தங்கதுரையைப் போலீஸ் பிடித்துக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனது. சாயங்காலம் கந்தசாமி தட்டுத்தடுமாறி மாடிக்கு ஏறி வந்தார்.

"தம்பி, உங்க அம்மன் எந்தப் பக்கம்?"

வேடியப்பனின் கை தானாகத் தன் ஊர்ப் பக்கம் காட்டியது. கந்தசாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். "தாயே, பையன் வந்துட்டா ஒரு கெடா வெட்றேன்."

பத்தே நாளில் பையன் வந்துவிட்டான். கூடப் பிடிபட்ட மற்றவர்களும்தான் வந்தார்கள். அவர்களையெல்லாம் கந்தசாமி கணக்கில் சேர்க்கவில்லை. கிடா வாங்கிக் கட்டிவிட்டார்.

"ரூம காலி பண்ணிடலாமாடா?" என்றான் வேடியப்பன்.

"பண்ணிட்டு? அடுத்த வூட்டுக்கும் நான்தான் சாமி கண்டுபுடிக்கணும்."

வேடியப்பன் கிடா வெட்டுக்கு ஒருநாள் முன்னதாக மலையேறி அம்மா தைலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மனுக்கு மூஞ்சி எப்புடி?"

"இன்னும் முடிவு பண்லம்மா."

விடிந்ததும் அவளே ஓடையில் ஒரு கல்லைத் தேடி எடுத்து, மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசினாள்.

கந்தசாமியும் இளஞ்செழியனும் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தபோது மேகம் பாதையில் படுத்திருந்தது. கிடாவின் முன்பாதிதான் தெரிந்தது. பின்பாதி இன்னும் வந்து சேரவில்லை. கல்லைப் பார்த்ததும் கந்தசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். அவர் அழ அழ, அந்தக் கல் ரொம்ப நாளாக இங்கேயே இருந்து இவருக்காகக் காத்திருந்ததுபோல் வேடியப்பனுக்கே பட்டது. அவனும் கும்பிட்டுவிட்டான்.

கிடாவைத் தைலம்மாள் சமைத்தாள். மேகத்துக்குள் எங்கோ குழம்பு கொதித்தது. வாசனை மட்டும் வந்து வந்து போனது. சாமைச் சோற்றைக் கந்தசாமி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"இன்னா ருசி! யாருப்பா இந்தம்மா?"

"சமையலுக்கு வந்தவங்க" என்றான் இளஞ்செழியன் சட்டென்று.

தைலம்மாள் கரண்டியைத் துடைத்தாள். வேடியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எங்கம்மாங்க" என்றான். "நான் இந்த ஊருதாங்க. மலைக்காரன். அந்தக் கல்லும் காலைல நட்டதுதாங்க."

கந்தசாமியின் கையில் ஒரு எலும்பு பாதி வழியில் நின்றது. அவர் எலும்பைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். இளஞ்செழியன் மேகத்துக்குள் ஒரு அடி பின்வாங்கினான்.

"பையன் வந்துட்டானே" என்றார் கந்தசாமி கடைசியில், கல்லிடம்.

கல் மறுக்கவில்லை.

"ரூமுங்க?" என்றான் வேடியப்பன்.

"காலி பண்ணுன்னா காரணம் கேப்பாங்க. காரணத்த சொன்னா நான் உங்கம்மா கையால தின்னத சொல்லணும்." எலும்பை நிதானமாகக் கடித்தார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும். வூட்ல யாரு கேட்டாலும், நான் இங்க பழந்தான் தின்னேன். தெர்தா?"

"தெர்துங்க."

தைலம்மாள் அவருடைய பழத்துக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.