அருவியில் தொங்கிய மாப்பிள்ளை

மாஜா பள்ளத்தாக்கில் தபால் பஸ் ஓட்டுகிற லொரென்ஸாவுக்கும் அவள் மருமகன் தமியானோவுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிடுங்க", "பார்த்துப் போங்க", அவ்வளவுதான். அவனும் தட்டைப் பார்த்தபடி தலையாட்டிவிட்டு சூரிச்சுக்கு ரயிலேறிவிடுவான்.

மலை இடுக்கில் பாயும் ஓடையோடு சேர்ந்து, கயிற்றிலும் நீச்சலிலுமாகக் கீழே இறங்கப் பழக்கும் நாலு நாள் வகுப்பு ஒன்று அந்தக் கோடையில் நடந்தது. மகள் ஜாதா அதில் தனக்கும் புருஷன் தமியானோவுக்குமாக இடம் பிடித்து வைத்திருந்தாள். பிடித்த கையோடு முழுகாமல் இருப்பது தெரிந்தது. டாக்டர் கயிற்றையே தொடக்கூடாது என்றுவிட்டார்.

"எனக்குப் பதிலா நீ போயேம்மா. அவரைத் தனியா அனுப்பிட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாது" என்றாள் ஜாதா. மாட்டேன் என்று சொல்ல லொரென்ஸாவுக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் காய்ந்த பாறையில் முடிச்சுப் போடுவதிலேயே போனது. அடுத்த நாள் குளிர்ந்த மடுக்களில் குதித்தார்கள். ரப்பர் உடைக்குள் நுழைவதற்குள் பாதி உயிர் போய்விட்டது என்று அவள் புலம்ப, கூட வந்த பெர்ன் ஊர் அக்கா தங்கை இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமியானோ மட்டும் சிரிக்கவில்லை. குதிக்கும் முன் அவன் உதடு வெளுப்பதை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் பெரிய அருவி. பயிற்சி கொடுக்கும் நீவெஸ் முதலில் இறங்கி மடுவின் ஓரத்தில் நின்றுகொண்டாள். பெர்ன்காரிகளும் இறங்கிவிட்டார்கள். மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் முறை அன்றைக்கு லொரென்ஸாவுடையது. பாறையில் அறைந்த வளையத்தில் எட்டு வடிவ இரும்பு ஒன்று தொங்கும். அதில் கயிறு பூட்டுப்போட்டு நிற்கும். இறங்குகிறவர் நடுவில் மாட்டிக்கொண்டால் அந்தப் பூட்டை அவிழ்த்து, ஆளோடு சேர்த்துக் கயிற்றை மெதுவாக விடவேண்டும். அதற்காகவே மிச்சக் கயிறு பையில் இருந்தது.

தமியானோ விளிம்பைத் தாண்டி மறைந்தான். கயிறு கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. பிறகு விறைத்து நின்றுவிட்டது.

அருவி இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. அப்புறம் கீழேயிருந்து விசில் வந்தது, இரண்டு முறை. இறக்கு என்று அர்த்தம். மறுபடியும் இரண்டு, இந்தத் தடவை அவசரமாக.

தண்ணீர் முழுக்க அவன் தலையில் கொட்டிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தது. ஜாதாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற நினைப்பு வந்தது. அதை உதறிவிட்டு பூட்டு முடிச்சில் கை வைத்தாள். ஈரக் கையுறை வழுக்கியது. பல்லால் இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் அவிழ்த்தாள். கடைசிச் சுற்று கழன்றதும் அவன் எடை முழுவதும் கைக்கு வந்தது. செங்குத்தான இறக்கத்தில் நிறைந்த பஸ்ஸைப் பிரேக்கில் பிடித்து இறக்குவதுபோல, இறுக்கிப் பிடிக்காமலும் வெடுக்கென்று விட்டுவிடாமலும், கயிற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கயிறு தொய்ந்தது. ஒரு நீண்ட விசில். ஆள் விடுபட்டாயிற்று.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து கயிற்றை மறுபடி பூட்டினாள்.

கடைசியாக அவள் இறங்கி வந்தபோது தமியானோ வெயிலில் சூடேறிய பாறையில் மல்லாந்து கிடந்தான். ரப்பர் உடைக்கு மேல் போட்டிருந்த தொளதொள பனியன் இடுப்பில் கயிறு ஓடும் கொக்கிக்குள் சிக்கிவிட்டதாம். அவன் மடுவுக்கு வந்ததும் நீவெஸ் அதைக் கத்தியால் அறுத்து அவனைப் பிரித்திருந்தாள்.

"எந்திரிடா" என்றாள் லொரென்ஸா. வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. "எங்கயாவது அடிபட்டிருக்கா? காட்டு."

"ஒண்ணுமில்ல அத்தை. தண்ணிதான் நிறையக் குடிச்சிட்டேன்." இருமிவிட்டு அவளைப் பார்த்தான். "ஏன் அத்தை, இறக்க இவ்வளவு நேரமாச்சு?"

"யோசிச்சிட்டிருந்தேன், இறக்கலாமா வேணாமான்னு."

அவன் முதலில் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது. அவளுக்கும் பொங்கியது, கூடவே கண்ணிலும் நீர் முட்டியது. நீவெஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டிக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"மூணு நாளா எனக்கு ஒரே பயம், அத்தை" என்றான் அவன். "நீங்க பாட்டுக்கு விறுவிறுன்னு குதிக்கிறீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எனக்கு மட்டும் என்னவாம்? நீ வாயைத் திறந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

ஜாதாவிடம் சொல்லவேண்டாம் என்று அவன் கெஞ்சினான். "நான் ஏன் சொல்றேன்? நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று ஒரு துண்டு ரொட்டியை அவன் கையில் திணித்தாள்.

வாங்கித் தின்றான். இன்னொன்று கேட்டான்.