ஹேசல் அம்மையாருக்கு ஒரு பொன்னாடை

ஹேசல் அம்மையாரின் கடிதங்கள் எப்போதும் மூன்று வரிதான். நான் பதிலுக்கு ஒரு பக்கம் எழுதுவேன், 'மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு' என்று தொடங்கி.

"பெரிய பதவியில இருக்கிறவங்க சுருக்கமாத்தான் எழுதுவாங்க, லோகேஸ்வரி," என்றார் எங்கள் தலைவர் இராமலிங்கம். அவர் எதையும் சுருக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் சிறுவர் மன்றம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது. பள்ளி முடிந்து வரும் இருபத்திரண்டு பிள்ளைகள், வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப்போகும் வரை அங்கே இருப்பார்கள். நான் ஒருங்கிணைப்பாளர். அதாவது கழிப்பறைச் சாவியிலிருந்து வெளிநாட்டு உறவு வரை எல்லாம் என் பொறுப்பு. ஆஸ்திரேலியாவில் ஃபிரீமேண்டல் என்ற ஊரில் இதே போல ஒரு மன்றம் இருக்கிறது. அங்கும் இங்கும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும் என்பதால் ஐந்து மாதம் விடாமல் எழுதி ஒரு காணொளிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தேன். புதன்கிழமை, நான்கு மணி, அரை மணி நேரம். முடிந்ததும் அவர்களுடைய பிள்ளைகள் ஓட்டுப் போட்டு, எங்களோடு ஓராண்டு கூட்டு வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். கடைசிக் கடிதத்தில், 'தலைவர் என்ற முறையில் உங்கள் தலைவரை வரவேற்பேன்' என்று ஹேசல் அம்மையார் எழுதியிருந்தார்.

அந்த வரியைப் பார்த்தாரோ இல்லையோ, தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து ஊரான கிள்ளானில் இருந்த டயர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டவர், மறுநாளே கோட்டு தைக்க அளவு கொடுத்தார். பேனர் வந்தது, அதில் அவர் முகம் பெரிதாகவும் பிள்ளைகள் ஓரமாகவும் இருந்தார்கள். ஹேசல் அம்மையாருக்குப் பொன்னாடை வாங்கினார். ஆள் கடல் தாண்டி இருக்கிறாரே என்றதற்கு, தொலைக்காட்சிக்குப் போர்த்திவிடலாம் என்றார். உரை பதினோரு பக்கம்.

"அப்ப பிள்ளைங்க எப்ப பேசுவாங்க அங்கிள்?" என்று கேட்டேன்.

"வரவேற்புப் பாட்டு இருக்குல்ல லா. அது போதாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாமரை ஒரு கேள்வியை எழுதி, இரண்டு வாரமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. சென்ற ஆண்டு விழாவில், தலைவர் பேசியதும் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தோம். அவள் முதல் ஆளாகக் கைதூக்கினாள். அவர் பேசி முடிப்பதற்குள் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து பிள்ளைகளை அழைத்துப்போகத் தொடங்கிவிட்டார்கள். அவள் கையை இறக்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இந்த முறை அது நடக்கவே கூடாது என்று மனத்துக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நான்கு மணிக்குத் திரை உயிர்பெற்றது. பெரிய நாற்காலி ஒன்றில் முன்பல் இல்லாத ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. பக்கத்தில் ஒரு பையன் சமையலறை மணியோடு நின்றான்.

தலைவர் பொன்னாடையோடு எழுந்து, "அம்மா எங்கே பாப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேலையில். நான்தான் ஹேசல். எனக்கு ஒன்பது வயது," என்றாள் அவள்.

ஐந்து மாதமாக நான் யாருக்கு 'அம்மையார்' போட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து ஒயரைச் சரிசெய்தேன்.

ஹேசல் விதிகளைச் சொன்னாள். பேச விரும்புவோர் கைதூக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம், முடிந்ததும் மணி அடிக்கும். பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் கடைசியில்.

தலைவர் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, பதினோரு பக்கத்தை ஒரு கையில் பிடித்தபடி மறு கையைத் தூக்கினார். நான் தாமரையை முன்னே அனுப்பினேன்.

"எல்லோரையும் அழைத்துப்போன பிறகு, கடைசியாக ஒருவர் மட்டும் காத்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அவள் ஒரே மூச்சில் கேட்டு முடித்தாள்.

"இந்த நாற்காலி அவருக்குத்தான். பெரும்பாலும் நான்தான் கடைசி," என்றாள் ஹேசல்.

"நானும்தான்," என்றாள் தாமரை.

அதன் பிறகு இரண்டு பக்கமும் அடங்கவில்லை. நாய்க்குட்டி, நாசி லெமாக் சோறு, அடைமழை என்று மணிக்கு மேல் மணி அடித்தது. நடுவில் ஹேசல், "உங்கள் தலைவர் எத்தனை ஓட்டு வாங்கினார்?" என்று கேட்டாள்.

தாமரை திரும்பி அவரைப் பார்த்தாள். "நாங்கள் ஓட்டுப் போடவில்லை."

"பிறகு எப்படித் தலைவரானார்?"

தலைவரின் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. அரை மணி முடிந்து திரை அணைந்தபோதுதான் அவர் அதை இறக்கினார்.

மறுநாள் மூன்று வரிக் கடிதம் வந்தது. கூட்டுக்குச் சம்மதம். ஒரே நிபந்தனை: எங்கள் தலைவரையும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தலைவர் கோபித்துக்கொண்டு கிள்ளானிலேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த புதன் அவரே வந்து, வேட்பாளர் பட்டியலில் லோகன், தாமரை என்ற இரண்டு பிள்ளைகளுக்குக் கீழே தம் பெயரையும் எழுதினார். பேச ஒரு நிமிடம் கொடுத்தோம். கையில் ஒரு தாளும் இல்லை.

"எனக்கு ஓட்டுப் போடுங்க லா பிள்ளைங்களா," என்றார். "கடையும் மகன்கிட்ட போயிருச்சு. எனக்குப் போறதுக்கு வேற இடம் இல்ல."

நிமிடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

தாமரைக்குப் பதினான்கு ஓட்டு, லோகனுக்கு ஏழு, அவருக்கு ஒன்று. பொன்னாடையை அவரே பிரித்துத் தாமரைக்குப் போர்த்தினார். அது அவள் பாதம் வரை தொங்கியது.

மாலையில் வழக்கம்போல் அவள் மட்டும் மிச்சம். அலுவலக நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னேன்.

"அந்த ஒரு ஓட்டு நான் போட்டது, டீச்சர்," என்றாள்.

"நீயே நின்னுட்டு அவருக்கா போட்ட?"

"அன்னிக்கு முழுக்கக் கையத் தூக்கிட்டே நின்னாங்க, டீச்சர். யாருமே பாக்கல."