சொட்டவிட்ட பைப்

ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சிற்றூர் ஒன்றில், இந்நாட்டில் குடியேறிவிட்ட என் தம்பி நிரூபனின் கரவன் என்ற வீட்டு வண்டியில் தங்கியிருந்தோம். விடிந்தபோது தண்ணீர்த் தாங்கி வெறுமையாக இருந்தது. இரவுக் குளிருக்குப் பயந்து, கனடாவில் எங்கள் ரொறன்ரோ வீட்டில் செய்வதுபோல, பைப் உறையாமலிருக்க என் கணவர் அதைச் சொட்டவிட்டிருக்கிறார்.

"இது என்ன உங்கட ரொறன்ரோ ஸ்காபறோவே, அத்தான்? உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ர பிழை!" என்று நிரூபன் கத்தினான்.

பெற்றோல் கடை வெள்ளைக்காரியிடம் தண்ணீர் கேட்டோம். ஊராருக்கு மட்டும்தான் என்றாள். நிரூபன் எங்களைவிட்டு விலகி நின்று, தான் இந்த நாட்டவன், இவர்கள்தான் கனடாக்காரர் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள்.

நாக்கு வறண்டிருந்தும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"வா தம்பி," என்றேன். "கனடாக்காரரோட வா."