உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி

எனக்குப் பாம்பு பயம் கிடையாது. அந்தமானுக்கு வந்த முதல் வாரமே ஒரு சாண் நீளப் பூரானைச் செருப்பால் அடித்துக் கொன்றவள் நான். பொன்னம்மா அக்காவின் குரலுக்கு மட்டும்தான் பயம்.

லாங் ஐலண்டில் மர மில் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் அவளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். காட்டில் மரம் சாய்ந்து அவள் புருஷன் செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அரிசி களையும்போது ஒப்பாரி வைப்பாள். அது சாதாரணக் குரலா? மில்லில் ரம்பம் ஓடும்போதே அதை மீறிக் கேட்கும்.

"மரமறுக்கப் போன மன்னா... மாலைக்குள்ள வாரேன்னு சொன்ன சொல்லு எங்க மன்னா..."

அந்த 'மன்னா' இழுபட்டு இழுபட்டு இறங்கும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் வாசலில் போய் நின்றேன்.

"வயித்துல புள்ளையோட ஒருத்தி பக்கத்துல இருக்கா. தெனமும் சாவு வீட்டுப் பாட்டு பாடுறியே, உனக்கே நல்லாருக்காக்கா?"

அதோடு விட்டேனா? கற்பூரம் கொளுத்தி, இனிமேல் பாட மாட்டேன் என்று அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் இரண்டு மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பெரிய வெற்றி.

என் வீட்டுக்காரர் மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர். விரலை வெட்டிப் போடும் இரும்போடு பகலெல்லாம் விளையாடுவார். பொழுது சாய்ந்தால் பேய்க்குப் பயந்து, கொல்லைப்பக்கம் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்த பாபு "பதி கா நாம்?" என்று புருஷன் பெயரைக் கேட்டபோதுகூடப் பொன்னம்மா அக்காதான் எனக்காகச் சொன்னாள்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தோம். அம்மா வீடு மெயின்லேண்டில். வளையல் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? அக்கரையில் ரங்கத் பஜாரில் கண்ணாடி வளையல் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

"மௌசம் சரியில்ல நீலா, மழை வரும்போல இருக்கு. அடுத்த வாரம் போறேனே," என்றார்.

"இப்படியொரு பயந்தாங்கொள்ளிக்கு என்னைக் கட்டி வெச்சாங்களே," என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நசீருதீன் பாயின் டிங்கிப் படகில் ஏறினார்.

பகல் இரண்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான்காயிற்று. கார்த்திகை மாதத்தில் எங்கள் தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஒரு பெரிய மழை அடித்து ஓய்ந்து, கடல் மேல் வெள்ளை மூட்டமாகத் தூறல் இறங்கி நின்றது. படகு கட்டும் ஜெட்டியின் நுனியில் நின்றால் அதன் மறு நுனி தெரியவில்லை. அலையும் இல்லை, காற்றும் இல்லை. தீவின் முனையைத் தவறவிட்டால் நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் பர்மா பக்கம்தான் கரை. துடுப்புப் போடுகிற டிங்கிக்கு அது ஆகிற காரியமா?

மில்லின் நீராவிச் சங்கை ஊதினால் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை என்று பாய்லரை அணைத்திருந்தார்கள். மறுபடி சூடேற்ற மூன்று மணி நேரம் ஆகுமாம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பத்தடிகூடத் தாண்டவில்லை. ஆண்கள் டின்னைத் தட்டினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

அனுப்பியது நான்தான் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பொன்னம்மா அக்கா நின்றிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, பாடுக்கா."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதக்கா. உன் குரல் ஒண்ணுதான் அங்க போகும்."

"சத்தியம் வாங்கினவ நீ."

"வாங்கினவளே திருப்பிக் குடுக்கிறேன். பாவம் எனக்கே வரட்டும்."

"உசுரோட இருக்கிறவனுக்கு நான் ஒப்பாரி வைக்க மாட்டேன் நீலா. அது என் வாயில வரவே கூடாது."

"உன் புருஷனுக்கே வை. கடலைப் பாத்து வை."

அவள் கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தாள். பிறகு சாக்கைக் கீழே போட்டுவிட்டு ஜெட்டி நுனிக்குப் போனாள். "மரமறுக்கப் போன மன்னா..." இரண்டு மாதமாக அடக்கி வைத்தது மொத்தமும் கிளம்பியது. நான் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டேன், பிள்ளையின் காதைப் பொத்துவதுபோல.

"ஓய்!"

தண்ணீருக்கு அப்பாலிருந்து ஒரு குரல். எல்லோரும் கூச்சல் போட்டோம். அக்கா இன்னும் உரக்க எடுத்தாள். மறுபடி "ஓய்" கேட்டது, முன்னைவிடத் தள்ளி. மூன்றாவது முறை இன்னும் தள்ளி.

எனக்கு விளங்கிவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியாத கடலில், எங்கிருந்தோ ஒரு பொம்பிளை ஒப்பாரி வைத்தால் என் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? அக்காதான் சத்தியம் செய்து பாட்டை நிறுத்திவிட்டாளே, அவள் என்று அவருக்குத் தோன்றாது. டிங்கியைத் திருப்பச் சொல்லியிருப்பார். கூப்பிடுகிற குரலுக்குப் பயந்து வெளிக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அவர் பேரைப் போட்டுப் பாடு! பேய்னு நெனச்சு ஓடுறாருக்கா!"

அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை ஆட்டினாள். மாட்டவே மாட்டாளாம்.

நான் கத்திப் பார்த்தேன். பெயர் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து தினமும் கேட்ட ராகம் ஒன்றுதான் தொண்டையில் இருந்தது. அதில் ஏற்றித்தான் அந்தப் பெயரை வெளியே தள்ள முடிந்தது. இங்கே எழுதத்தான் முடிகிறது.

"திருநாவுக்கரசே... வளையல் வாங்கப் போன மன்னா... திருநாவுக்கரசே..."

ஜெட்டியில் நின்ற ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்கள், இழவு வீட்டில் அவிழ்ப்பதுபோல. வயிற்றில் பிள்ளை உதைத்தது. நான் நிறுத்தவில்லை. பெயர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு, 'மன்னா' வருகிற இடத்தில் மட்டும் அக்கா கூடச் சேர்ந்து இழுத்தாள்.

எத்தனை முறை பாடினேனோ, துடுப்பு கட்டையில் இடிக்கிற சத்தம் கேட்டது. "பாபி, நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க!" என்று நசீருதீன் பாய் கத்தினார். பாபி என்றால் அண்ணி.

என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஜெட்டிக் கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மொதல்ல டிங்கியத் திருப்பச் சொல்லி என் கையப் புடிச்சிக்கிட்டாரு பாபி," என்றார் பாய். "பேர் கேட்டதும் துடுப்பைப் புடுங்கி இவரே போட ஆரம்பிச்சிட்டாரு."

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "என் குரல்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்ல நீலா," என்றார். "என் பேரைச் சொல்லி அழுவுறாங்களே, அப்போ நாம செத்தாச்சுன்னு நெனச்சேன். பொணம் வராம எப்படி எடுப்பாங்க? அதான் வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றினேன். சட்டைக்குள் வைத்திருந்த வளையல் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்றுகூட உடையவில்லை. கம்பளியைப் போர்த்தியும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை என் பேரைச் சொல்லேன் நீலா. சும்மா. அழாம."

பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "திருநாவு" என்பதுவரை சரியாகத்தான் வந்தது. அதற்கப்புறம் அது தானாக இழுபட்டது. இழுபட்டு இழுபட்டு இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னம்மா அக்கா கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது பத்து வயது. இன்னமும் நான் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் இப்படியொரு மரியாதையா என்று மில்லில் எல்லோரும் மெச்சிக்கொள்கிறார்கள். அது மரியாதை இல்லை, பயம். எனக்கு அந்தப் பெயரை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.