கழிப்பறைக்கு எதுகை

'கூலி'க்கு 'வேலி' கிடைத்துவிட்டது. 'கேலி'யும் 'போலி'யும் போன வருஷமே செலவாகிவிட்டன. அடுப்படியிலிருந்து மனைவி 'ஜோலி' என்று எடுத்துக் கொடுத்ததும் கவிஞர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்படி நிலையில் முதுகைச் சாய்த்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஆலை வாசலில் கூட்டம். சட்டை தைக்கும் ஆலை அது. அவர் துணி வெட்டும் பகுதியில் இருந்தார், அவள் காலர் தைக்கும் வரிசையில் இருந்தாள். கவிஞர் என்பது கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலாக வைத்த பெயர். நாளாவட்டத்தில் கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கூட்டத்துக்குக் கோஷம் எழுதுவதும், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. பாதிச் சொற்கள் இந்த அடுப்படியிலிருந்து போகின்றன என்பது ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவளுக்குக் குறையும் இல்லை. கல்யாணமான புதிதில் அது இரண்டு பேருக்கும் விளையாட்டாக இருந்தது. அவர் ஒரு சொல்லை எறிவார், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே அதன் ஜோடியைத் திருப்பி எறிவாள். இரண்டாம் எழுத்து ஒத்துப்போனால் எதுகை, கடைசியில் ஒத்துப்போனால் இயைபு என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அவள் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

கோஷம் என்றால் தொண்டை வறளக் கத்திவிட்டு டீ குடிக்கப் போவது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம். அங்கே அப்படியில்லை. சங்கச் செயலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோரிக்கைகளை அவர் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. கூட்டத்தின் ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொள்வார். எந்த வரிக்கு வாசல் அதிர்கிறதோ அது கோரிக்கைத் தாளில் மேலே போகும். எது பிசுபிசுத்துப் போகிறதோ அது தாளிலேயே ஏறாது. மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மேனேஜரும் அதே கணக்கைத்தான் போடுவார் என்பது செயலாளரின் வாதம். ஆக, ஒரு குறை மாடிப்படி ஏற வேண்டுமென்றால் அது முதலில் கோஷமாக வேண்டும். கோஷமாக வேண்டுமென்றால் அதற்கு எதுகை வேண்டும். எதுகை கவிஞர் கையில் இருந்தது.

எல்லாம் எழுதி முடித்து அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். கூலி வந்தது, போனஸ் வந்தது, கேன்டீன் சாப்பாட்டில் கிடந்த புழு வந்தது, ஒழுகுகிற பஸ் வந்தது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ அடுத்த வரியில், இதோ அதற்கடுத்த வரியில் என்று காத்திருந்தாள். அவர் வாசித்து முடித்துவிட்டுப் பாராட்டுக்கு முகத்தைத் தூக்கினார். அவள் காத்திருந்த வரி வரவேயில்லை. அவள் சொல்லி வைத்திருந்த ஒரே ஒரு விஷயம் அதில் இல்லை.

சின்ன விஷயமா அது. தையல் கூடத்தில் பெண்களின் கழிப்பறை எப்போதும் பூட்டிக் கிடக்கும். ஒரு வரிசைக்கு ஒரு சாவி. முழங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டையில் அதைச் சங்கிலி போட்டுக் கட்டி, சூப்பர்வைசர் தன் நாற்காலிக் கையில் மாட்டி வைத்திருப்பார். போக வேண்டியவள் எழுந்து நடந்து போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் முதலில் அவளைப் பார்ப்பார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் கட்டையை எடுத்துக் கொடுப்பார். இப்போதானே போன என்பார். அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு, ஆண்கள் அயர்ன் போடுகிற மேஜைகளைக் கடந்துதான் போக வேண்டும். யாரும் அதை வெளியே தெரியும்படி எடுத்துப் போனதில்லை. ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு, திருட்டுப் பொருளைக் கடத்துவதுபோல் போய்வருவார்கள். அதற்குப் பயந்து பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பொத்தான் துளை போடுகிற அவளுடைய நாத்தனாரும் குடிப்பதில்லை. குடிக்காமல் இருந்து இருந்து, சிறுநீரில் கிருமி வந்து, அது மேலே ஏறிச் சிறுநீரகம் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கவிஞரின் ஒரே தங்கை. விசாரித்தவர்களிடமெல்லாம் அவர் 'காய்ச்சல்' என்று சொல்லியிருந்தார்.

நாத்தனார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கேட்ட கேள்வி அவள் காதை விட்டுப் போகவில்லை. "டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொல்றாரு அண்ணி. குடிச்சுட்டுப் போய் அந்தாளு முன்னாடி எத்தனை தடவை நிக்கிறது?" திங்களும் செவ்வாயும் ஓய்வு, புதன்கிழமை மறுபடி மெஷினுக்குப் போக வேண்டும். அதற்குள் அந்தப் பூட்டு ஒழிய வேண்டும். காலர் வரிசையிலும் பொத்தான் வரிசையிலும் பெண்களிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். எங்க வீட்டுக்காரர்தானே எழுதறாரு, இந்தத் தடவை வந்துரும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தாள்.

அந்த வரி எங்கே என்று கேட்டாள். அவர் அட்டையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார், தேடினால் கிடைத்துவிடும் என்பதுபோல.

"அந்த வார்த்தைக்கு எதுகை அமையலம்மா."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இன்க்ரிமென்டுக்குச் சிமென்டைக் கொண்டுவந்து சேர்த்த மனிதர் இவர். சட்டை தைக்கிற இடத்தில் சிமென்டுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டாரா, வாசலே கிடுகிடுத்ததே. செயலாளர் வீட்டுக் கல்யாண வாழ்த்தில் மாப்பிள்ளையின் கம்பெனிப் பெயரை மடக்கிப் போட்டு இயைபு கட்டினாரே. அப்பேர்ப்பட்டவருக்கு இது அமையவில்லையாம். கழிப்பறை. எண்ணெய் காய்வதற்குள் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தலைப்பக்கம் வழி, பழி, விழி, குழி, ஒழி. வால்பக்கம் முறை, குறை, கறை, சிறை. தலையிலும் ஜோடி, வாலிலும் ஜோடி. இப்படி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற சொல் லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். சிரிப்பு போய்க் கோபம் வந்தது. தேடிக் கிடைக்காமல் இருந்தால் அது வேறு. இந்த மனிதர் தேடவே இல்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் உண்மையைக் கக்கினார். ஆண்களும் நிற்கிற இடத்தில் அதை எப்படிக் கத்துவது, அயர்ன் பையன்கள் கேலி பண்ணுவார்கள், கூட்டம் சிரித்துவிட்டால் மற்ற கோரிக்கையும் சேர்ந்து கெட்டுப்போகும், செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். செயலாளரைக் கேட்டீர்களா என்றாள். அவர் பேனா மூடியைத் திருகினார். அதனால்தான் பூடகமாக ஒரு வரி வைத்திருக்கிறேன், நீ கவனிக்கவில்லை என்று அட்டையைக் காட்டினார். 'அடிப்படை வசதி, அதுவே எங்கள் தகுதி.'

அந்த வரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷமும் அதே வசதி, அதே தகுதி. வாசல் பிரமாதமாக அதிர்ந்தது. தாளில் ஏறி மாடிக்குப் போனது. மேனேஜர் படித்துப் பார்த்து, தாராளமாகச் செய்துதருகிறேன் என்று கேன்டீனில் ஒரு வாட்டர் கூலரைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். பூட்டு அப்படியே இருந்தது. பெண்கள் அந்தக் கூலரின் பக்கமே போவதில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டு எழுந்து வந்தார்; அது அழுகை இல்லை என்று முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உங்க தங்கச்சிக்கு வந்தது காய்ச்சல் இல்ல. அதையாவது வாயால சொல்லுங்க."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைவரைக்கும் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அண்ணனை அவள் எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. "உங்களுக்குக் கூச்சமா இருந்தா விடுங்கண்ணே," என்றாள். "எழுதி மட்டும் குடுங்க. நாங்க கத்திக்கிறோம்." கவிஞர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கிக்கு பேட்டரி வாங்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அட்டை நிலையருகிலேயே கிடந்தது. புதிதாக ஒரு எழுத்தும் அதில் ஏறவில்லை. அவளும் அதைத் தொடவில்லை. தன் சொற்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பெண்களிடம் தன் வரிகளை மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். முதலில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பின்சீட்டிலிருந்த வயதான பேக்கிங் அம்மா மட்டும் சிரிக்காமல், இன்னொரு தடவை சொல்லு, எனக்குச் சரியா விழல என்றாள். இரண்டாம் தடவை சொல்லும்போது சிரிப்பு குறைந்திருந்தது.

ஷிப்டுக்கு முன்பே வாசல் நிறைந்துவிட்டது. கவிஞர் திண்டின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியைப் பிடித்தார். அன்றைக்கு அவர் குரல் நன்றாகவே இருந்தது. கூலிக்கு வாசல் அதிர்ந்தது, போனஸுக்கு இன்னும் அதிர்ந்தது, புழுவுக்குக் கூட்டம் சிரித்துக்கொண்டே கத்தியது. செயலாளர் ஓரமாக நின்று குறித்துக்கொண்டிருந்தார். கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன்களும் சூப்பர்வைசர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிஞர் அடிப்படை வசதி என்று ஆரம்பித்தார். ஆண்கள் மட்டும் திருப்பிச் சொன்னார்கள். பாதிக் கூட்டம் வாயைத் திறக்கவில்லை. அந்த அரைகுறைச் சத்தத்தில் கவிஞர் தடுமாறி, அதே வரியை மறுபடி சொல்லப் போனார். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து அவள் குரல் எழுந்தது.

"வழிவிடு வழிவிடு, கழிப்பறைக்கு வழிவிடு!"

ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. அயர்ன் மேஜைக்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. இனி வாயை மூடினால் வாழ்நாள் முழுக்க மூட வேண்டியதுதான் என்று நினைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடுத்த வரியையும் கத்தினாள். "ஒழியட்டும் ஒழியட்டும், சாவிக்கட்டை ஒழியட்டும்!" பேக்கிங் அம்மாவின் கரகரத்த குரல் முதலில் சேர்ந்தது. பிறகு பொத்தான் வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர், கழிப்பறை என்ற சொல்லை மட்டும் பாதி விழுங்கிக்கொண்டு. மூன்றாம் சுற்றில் அதை யாரும் விழுங்கவில்லை. கட்டையைச் சுமந்தவர்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். சிரித்தவர்களின் சத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

செயலாளர் கையைச் சுழற்றி, அடுத்த வரிக்குப் போ என்று கவிஞருக்குச் சைகை காட்டினார். கவிஞர் சைகையைப் பார்த்தார். அடுத்த வரிக்குப் போகவில்லை, இந்த வரியையும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி உதட்டருகிலேயே இருந்தது. அதை அணைக்கவும் மறந்துவிட்டார். அவர் மூச்சு வாங்குவது மட்டும் வாசல் முழுவதும் பெரிதாகக் கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் அவளுடைய சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். காலையில் ஆபீஸிலிருந்து வாங்கிய சாவிக்கட்டை கையிலேயே இருந்தது. பக்கத்திலிருந்த வாட்ச்மேன் அதைக் குனிந்து பார்த்தான். அவர் சட்டென்று கட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கட்டை நீளம், அவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டு தெரிந்தது. அவர் அதைச் சட்டைக்குள் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார்.