டி டிரைவைத் தள்ளி வைத்த ஞாயிறு

அருணாவின் கம்ப்யூட்டரில் சி டிரைவ் சிவந்து கிடந்தது. மிச்சம் மூன்று ஜிபி. வரைபட சாஃப்ட்வேர் ஏற நாற்பது வேண்டும். அதில் ஒரு வரைபடம் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தால்தான், பதினோரு வருடம் ஃபேக்டரி லைனில் நின்ற கால்களுக்கு டிசைன் செக்‌ஷனில் ஒரு நாற்காலி. அதை விட்டுக்கொடுப்பதாக அவள் இல்லை.

சர்வீஸ் கடைக்காரர், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்றார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தவா? அருணா தானே உட்கார்ந்து, டி டிரைவில் ஐம்பது ஜிபியைக் குறைத்தாள். அந்த இடமோ டி-யின் வால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் வீட்டுக்காரி அறை கூட்டிக் கட்ட நினைக்க, இரண்டாம் வீட்டுக்கு அந்தப் பக்கம் மனை கிடைத்தால் என்ன பயன்? இனி டி முழுவதையும் தள்ளி வைக்க வேண்டும். மூன்று மணி நேரம். நடுவில் கரண்ட் போனால், டி-யில் இருக்கும் மகளின் ஏழு வருடப் படங்களும் போகும். வேறெங்கும் நகல் கிடையாது. பென் டிரைவில் கால்வாசிகூட அடங்கவில்லை.

"போட்டோ போச்சுன்னா அந்த வேலையே வேணாம், சொல்லிட்டேன்." சனிக்கிழமை நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய கணவன் திருமலை முறைத்துவிட்டுப் போனான்.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் இருந்த லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கும் ஒரே ஃபியூஸ். மிக்சி, அயர்ன் பாக்ஸ் எதற்கு எப்போது பட்டென்று போகும் என்று சொல்ல முடியாது. ஞாயிறு காலையோ வீட்டுக்கு வீடு கறிக்கு மசாலா அரைக்கும் நேரம். அருணா சனிக்கிழமை சாயங்காலமே கதவு கதவாகத் தட்டி, காலையில் மிக்சி போட வேண்டாமென்று கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு என்னா பிரசவமா? லைனே மூச்சைப் புடிச்சிக்கினு இருக்கணுமா?" என்றாள் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள்.

"நாளைக்குக் காலைல ஒம்போது மணி வரைக்கும்தான்க்கா. மசாலாவ நானே இப்ப அரைச்சுத் தந்துடறேன்."

சொன்னபடியே நான்கு வீட்டு மசாலாவை அரைத்துக் கொடுத்தாள். மிளகாய்க் காந்தலில் கை எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

காலை ஆறு மணிக்குச் சாமி படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தினாள். ஏழரைக்குத் திருமலை வந்தபோது பாதிதான் ஓடியிருந்தது. தை மாதத்து ஓசூர்க் குளிர் அவன் எலும்பில் ஏறியிருந்தது. குளிக்க வாளியில் ஹீட்டரை இறக்கி, சுவிட்சில் கை வைத்தான்.

"கைய எடுங்க!" பயத்தில் அருணாவின் குரல் உடைந்தது. "எல்லா வீடும் எனக்காக அடக்கிக்கினு இருக்குது. நம்ம வீட்டாலயே போவணுமா?"

திருமலை திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஹீட்டரை எடுத்து ஆணியில் மாட்டினான். முதல் சொம்புத் தண்ணீருக்கு அவன் போட்ட "ஐயோ அம்மா!" ஆறு வீட்டுக்கும் கேட்டது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேலை முடிந்தது. அருணா முதலில் டி-யைத்தான் திறந்தாள். படத்தில் மகள் ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். அருணாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சி-யை நீட்டினாள். சிவப்பு போய் நீலம் வந்தது. எல்லாரும் மிக்சி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல வாசலுக்கு ஓடினாள்.

"இரு, இரு." போர்வைக்குள்ளிருந்து திருமலை கேட்டான். "சாஃப்ட்வேர் ஏற எவ்ளோ நேரமாவும்?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப நீ போய் அத ஏத்து. பத்து மணி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி நான் கேட்டுட்டு வரேன்."

பல் கிடுகிடுக்க, போர்வையோடு வெங்கடம்மாள் வீட்டை நோக்கி நடந்தான்.