உத்திரம் பழுதில்லை

ஜகபர் அலியின் கையெழுத்துக்குச் செஞ்சி ஆபீசில் தனி மரியாதை. முத்து முத்தாக எழுதுவார். ஆனால் எழுதுவதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டுமே, அதுதான் அந்த மனிதருக்கு வேப்பங்காய். கட்டட ஓவர்சியர் என்றால் வெயிலில் அலைய வேண்டும், ஏணி வைத்து ஏற வேண்டும், உத்திரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். இவரோ பீரோவைத் திறந்து, அதே வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய மதிப்பீட்டு ரிப்போர்ட்டை எடுப்பார். சுவர், தரை, உத்திரம், கூரை என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஷை' என்று எழுதிவிடுவார். மேலே கண்டபடியே என்பதற்கு ஆபீஸ் பாஷையில் அந்த ஓர் எழுத்து போதும். பன்னிரண்டு வருஷத்து மழையையும் கறையானையும் அந்த ஓர் எழுத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம்.

பக்ருதீனின் தளம் போட்ட மெத்தை வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினார். பக்ருதீன் குடும்பத்தோடு மெட்ராசுக்குப் போய்விட்டார். வீட்டைப் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். இவர் போட்ட ஷையை டைப் அடிப்பவர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து 'உத்திரம் பழுதில்லை' என்று முழுசாக விரித்து அடித்தார். கீழே ஜகபர் அலியின் கையெழுத்து, பக்கத்தில் சீல்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். நான்கு நாளாக அடைமழை. ராஜகிரி மலை இருக்கிற இடமே தெரியவில்லை. காலை பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் தைலம்மாள் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆபீசுக்குள் வந்து நின்றாள்.

"பாய், மேல இருந்து மண்ணு உதுருது. காலைல இருந்து ரெண்டு வாட்டி பெருக்கிட்டேன். டீச்சராண்ட சொன்னா, ஓவர்சியரே பழுதில்லன்னு எழுதிக் குடுத்துருக்காரு, உனக்கு இன்னா தெரியும்னு கேக்கறாங்க."

"மழைன்னா கொஞ்சம் உதிரத்தான் செய்யும். போம்மா, ஒண்ணும் ஆவாது."

"அந்தக் கம்பம் இருந்தா நானும் பயப்பட மாட்டேன் பாய். அத எடுத்துட்டாங்களே."

"எந்தக் கம்பம்?"

தைலம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். "நடுக் கூடத்துல உத்திரத்துக்கு முட்டுக் குடுத்து நின்னுதே, பனங்கம்பம். பக்ருதீன் பாய் வெச்சது. பசங்களுக்கு போர்டு மறைக்குதுன்னு போன வாரம் எடுத்துட்டாங்க. உங்க பேப்பர்லதான் பழுதில்லன்னு இருக்குதாமே. ஏன் பாய், நீங்க அந்தக் கம்பத்தப் பாக்கலியா?"

ஜகபர் அலி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முட்டுக் கொடுத்த உத்திரம்! கண்ணிருக்கும் எவனும் வாசலில் நின்றே பார்த்திருப்பான். குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். வழியில் இரண்டு முறை சேற்றில் வழுக்கினார். ஒவ்வொரு இடிச் சத்தத்துக்கும் அது இடிதானா என்று நின்று காது கொடுத்தார்.

வீடு நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே நாற்பத்தோரு குழந்தைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்றபடியே தலைமை ஆசிரியை மீனம்பாளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், பிள்ளைங்கள வெளிய அனுப்புங்க. கூரை சரியில்ல."

"இந்த மழைலயா? எங்க அனுப்புறது? சரியா இருக்குதுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

"இப்பத்தான் பழுதாயிருக்குது."

"எங்க? உள்ள வந்து காட்டுங்க."

ஜகபர் அலியின் கால் வாசற்படியில் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தோரு பிஞ்சுகளை உட்கார வைத்த கூரைக்குக் கீழே தன் தலையை நீட்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வெட்கங்கெட்ட பயம், அது அவருக்கே தெரிந்தது. மீனம்பாளுக்கும் தெரிந்துவிட்டது.

"அப்ப எழுதிக் குடுங்க," என்றாள். "நாளைக்கு மெமோ வந்தா நான் எதக் காட்டுவேன்?"

எழுதினால் வேலை போய்விடும். வீட்டில் கல்யாண வயதில் மகள் ரஹமத் இருக்கிறாள். உள்ளே ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு ஆரம்பித்தது. ஒரு பிடி மண் பொத்தென்று கரும்பலகைக்கு முன்னால் விழ, குழந்தைகள் சிரித்தார்கள்.

அவர் அவள் நீட்டிய காகிதத்தைப் பறித்து எழுதினார். முத்து முத்தான கையெழுத்து அன்று கோழி கிளறின மாதிரி இருந்தது. 'நான் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.'

மீனம்பாள் படித்தாள். திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. திரும்பிக் கையைத் தட்டினாள். குழந்தைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிரே இருந்த கல் மண்டபத்துக்கு ஓடினார்கள். அவள் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினாள். நாற்பத்தொன்று. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாவி மனுஷன் வேலையையும் தொலைத்துவிட்டு, விழு, விழுந்து தொலை என்று அந்தக் கூரையைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினார்.

விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு 'தொம்'. ஜன்னல் வழியாகப் புழுதி மழைக்குள் வந்து அடங்கியது. குழந்தைகள் வீறிட்டு அழுதார்கள். மீனம்பாள் மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

தெருவே கூடிவிட்டது. நடந்தது பாதி தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஓவர்சியரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நாப்பத்தோரு உசுரக் காப்பாத்திட்டீங்க பாய்," என்று அழுதாள் தைலம்மாள்.

ஜகபர் அலி அவளைப் பார்க்கவில்லை. அவர் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. அந்த ரிப்போர்ட் எழுதின மாசம் அவர் போய்ப் பார்க்காமல் ஷை போட்டது இந்த ஒரு வீட்டுக்கு மட்டுமா? வல்லத்தில் விதைக் கிடங்கு, உள்ளே எந்நேரமும் ஐந்தாறு கூலி ஆட்கள். தொண்டூரில் இன்னொரு பள்ளிக்கூடம். அனந்தபுரத்தில் வாடகை வீட்டில் நடக்கும் பிரசவ விடுதி; அங்கே பெண்கள் பச்சைக் குழந்தையோடு மல்லாந்து படுத்திருப்பார்கள்.

"அனந்தபுரம் பஸ் எப்போ?" என்று கேட்டார்.

"பஸ் ஏது பாய்? ரோட்டு மேல தண்ணி போவுது. காலைல இருந்து ஒண்ணும் வரல."

மழை இன்னும் வலுத்தது. அவர் கைகளை உதறி விடுவித்துக்கொண்டு, எந்த ஊருக்கு முதலில் போவது என்று தெரியாமல், நடுரோட்டில் நின்றார்.